கொதித்தாறின தண்ணீர்

சென்ற மாதம் நித்யா தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள். கோயம்புத்தூர்ப் பிள்ளை. வயல்களில் போடும் உரத்திலிருந்து நிலத்தடி நீருக்குள் இறங்கும் நைட்ரேட்டைக் கண்காணிக்கிற ஓர் அரசாங்க அலுவலகத்தில், இங்கே லண்டனில், நான் இத்தனை வருடம் மாரடித்த அதே வேலையைச் செய்கிறாள்.

"சார், ஒரு மீட்டிங்ல இருந்து இப்பதான் வர்றேன். ஐரோப்பாவை விட்டுத்தான் வந்தாச்சே, பழைய விதியெல்லாம் திரும்பப் பாக்கணும்னு பேசிட்டிருக்காங்க. லிட்டருக்கு அம்பது மில்லிகிராம்ங்கிற எல்லையே பழைய பயத்துல வெச்சதாம். ஒருத்தர் சொல்றார், நைட்ரேட் தண்ணியால வர்ற நீலக் குழந்தை நோயெல்லாம் பாடப்புத்தகத்துல மட்டும்தான் இருக்கு, இங்க யார் பாத்திருக்கீங்கன்னு. ஒருத்தரும் வாய் திறக்கல. நீங்க பாத்திருக்கீங்களா சார்?"

கையில் இருந்த கோப்பையிலிருந்து தேநீர் சட்டையில் சிந்தியதைக்கூட நான் பிறகுதான் கவனித்தேன்.

"ஓம் பிள்ளை," என்றேன். "பாத்திருக்கிறன்."

அவள் உடனே, "அப்ப எழுதிக் குடுங்க சார். நான் அடுத்த மீட்டிங்ல வாசிக்கிறேன்," என்றாள். அப்படித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத முன் ஒருவரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நான் படித்த கதையில் யாருக்கும் அக்கறை இருக்காது, சுருக்கமாக முடித்துவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படித்தேன். சண்டை துரத்த லண்டன் வந்தேன். மோர்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலைக்கு நின்றபடி இங்கத்தைய பரீட்சைகளை எழுதினேன். நீர்ச் சோதனைச்சாலை ஒன்றில் போத்தல் கழுவப் போய், அங்கிருந்து படிப்படியாக நிலத்தடி நீர் அதிகாரியாகி, கிங்ஸ்பரியில் வீடும் வாங்கி, முதுகுவலியும் வாங்கிக்கொண்டேன்.

ஐரோப்பியச் சட்டம் கேட்டது சிக்கலான ஒன்றல்ல. உரமோ எருவோ, பயிர் உறிஞ்சியது போக மிச்சம் மழையோடு நிலத்துக்குள் இறங்கும். அதிலுள்ள நைட்ரேட் லிட்டருக்கு ஐம்பது மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. தாண்டிய அல்லது தாண்டப்போகிற நீருக்கு வடிகிற நிலம் முழுவதையும் வரைபடத்தில் கோடு போட்டு, பாதிப்பு வலயம் என்று அறிவிக்க வேண்டும். கோட்டுக்குள் அகப்பட்ட விவசாயி எருவை அளந்துதான் போடலாம், நனைந்த மாரியில் போடக்கூடாது, கிணற்றுக்கு ஐம்பது மீற்றருக்குள் குவித்து வைக்கக்கூடாது. கோடு தன் வயலை விட்டு விலக வேண்டும் என்று நினைப்பவர் மேல்முறையீடு செய்யலாம். எங்கள் சண்டை முழுவதும் அந்தக் கோட்டைப் பற்றியதுதான்.

லண்டனில் இருப்பவர்களுக்கு இது யாரோ வயல்காரர் பாடு என்று தோன்றும். நகரத்தைச் சுற்றி நிலத்துக்கடியில் இருப்பது சுண்ணக்கல். அந்தக் கல் குடித்து வைத்திருக்கிற தண்ணீரில் ஒரு பங்கு நம் குழாய்க்கும் வருகிறது. தண்ணீர் காய்ச்சும் கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிவதைச் சுரண்டித் திட்டாத வீடு இங்கே உண்டா?

என்னுடைய மேலதிகாரி மார்கரெட். உயரமான, ஒல்லியான பெண்மணி. கோடையிலும் மழை அங்கி போடுவார். தன் தேநீரைத் தானே குடுவையில் கொண்டுவருவார், எந்த விவசாயி வீட்டிலும் ஒரு மிடறு குடிக்கமாட்டார். குடித்தால் சோதனையில் வரும் எண்ணில் ருசி ஏறிவிடும் என்று நாங்கள் அவருக்குக் கேட்காமல் கேலி செய்வோம்.

கிணற்றுத் தண்ணீர் எடுப்பதை அவர் பூசை மாதிரிச் செய்வார். போத்தலில் முதலில் பெயர் எழுத வேண்டும், பிறகு எழுதலாம் என்றால் கை நனைந்துவிடும். பம்பைப் போட்டு ஓடவிட வேண்டும். குழாய்க்குள் தேங்கி நின்ற தண்ணீர் கிணற்றின் தண்ணீர் அல்ல. வெப்பமானியை ஓடும் நீரில் பிடித்துக்கொண்டு, எண் அசையாமல் நிற்கும்வரை நிற்பார். மழை பெய்தாலும் நிற்பார். அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது. அதே தண்ணீரால் போத்தலை அலம்பி, அலம்பி, மறுபடி அலம்பி, பிறகு கழுத்துவரை நிரப்பி மூடுவார். விவசாயி பக்கத்தில் நின்று, "எப்படி இருக்கிறது? மோசமா?" என்று கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான்: "எண் வரட்டும்."

எண் வந்த பிறகும் அவர் வாயிலிருந்து 'மாசு' என்ற சொல் வராது. 'அளவை மீறுகிறது' என்பார். 'காரணம்' என்ற சொல்லை அவர் வெறுத்தார். ஒருமுறை என் அறிக்கையில் நான் அதை எழுதியிருந்தேன். கூப்பிட்டு இருத்தி, "இதை நீ பார்த்தாயா? உரம் நடந்து போய்க் கிணற்றில் குதித்ததை?" என்று கேட்டார். வெட்டிவிட்டு வேறு எழுதினேன். அவர் மேல் எனக்கு மரியாதை இருந்தது, ஆனால் இந்த மனுஷிக்கு நெஞ்சுக்குள் இருப்பதும் ஒரு வெப்பமானிதானோ என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

பிரிட்டன் இன்னும் ஐரோப்பாவோடு இருந்த காலம். லண்டனின் வடக்கு ஓரத்தில், பெரிய சுற்றுச்சாலையைத் தாண்டினவுடன், ரொஜர் என்பவருடைய பண்ணை இருந்தது. கோதுமையும் கோழியும். எங்கள் கோடு அவருடைய நிலத்தை முழுதாக வளைத்துப் போட்டிருந்தது. தன் நிலத்துத் தண்ணீர் எல்லையைத் தாண்டிய நீரின் பக்கம் வடியவே இல்லை என்று அவர் மேல்முறையீடு செய்தார். நிலத்திலேயே நேரில் தண்ணீர் எடுத்துப் பார்க்கலாம் என்று மார்கரெட்டும் நானும் போனோம்.

பண்ணையின் பெரிய ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் எடுத்து முடித்து, பெட்டியை மூடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில், பயிர் வளர்க்கும் பிளாஸ்ரிக் கூடாரம் ஒன்றுக்குள் இருந்து ஒருவர் பச்சை மிளகாய்க் கூடையோடு வெளியே வந்தார். என்னைக் கண்டதும் நின்றார்.

"அண்ணை தமிழோ?"

"ஓம்."

"அட கடவுளே, இந்தக் காட்டுக்குள்ளயோ! வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகோணும்."

பெயர் சிவா. ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு மாறி வந்தவர். ரொஜரிடம் கூடாரங்களையும், பண்ணை ஓரத்து ஒரு சின்ன வீட்டையும் வாடகைக்கு எடுத்திருந்தார். கத்தரி, வெண்டி, பச்சை மிளகாய் போட்டு ரெய்னர்ஸ் லேன் தமிழ்க் கடைகளுக்குக் கொடுக்கிறாராம்.

நான் மார்கரெட்டைப் பார்த்தேன். வழமையாக என்றால் வரமாட்டார். அன்றைக்கு அவருக்குக் கழிவறை போக வேண்டியிருந்தது, அதனால் வந்தார். அவ்வளவுதான் காரணம், வேறு எந்தத் தெய்வ சித்தமும் இல்லை.

சமையலறை ஜன்னலெல்லாம் ஆவி படிந்து வெள்ளையாக இருந்தது. அடுப்பில் அகலச் சட்டி ஒன்றில் தண்ணீர் மெதுவான நெருப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. சிவாவின் மனைவி தர்சினி, இரண்டு மாதக் குழந்தை ஒன்றைத் தோளில் சாய்த்தபடி வந்தார்.

"இருங்கோ அண்ணை. இவதான் ஆரணி. பிறக்கேக்க நல்ல நிறம், இப்ப கறுத்துக்கொண்டு போறா. ஜெர்மனியில இருந்து வந்த மச்சாள் பாத்திட்டு, தேப்பன்ர நிறம் வருது எண்டு பகிடி பண்ணினவ. பயத்தம் மா பூசித்தான் குளிப்பாட்டுறன்."

சிவா சிரித்தார். நானும் சிரித்தேன். எங்கள் சனத்துக்குப் பிள்ளையின் நிறத்தைப் பற்றிக் கதைக்காமல் தேத்தண்ணி இறங்காதே. சிரித்துக்கொண்டே, தொட்டுப் பார்க்கலாம் என்று குழந்தையின் கையைப் பிடித்தேன்.

நகங்கள் நீலமாக இருந்தன. முகத்தைப் பார்த்தேன். நாவற்பழம் தின்ற வாய் மாதிரி உதடுகள். கறுப்பு இல்லை அது. சாம்பல் பூத்த ஒரு நிறம். புது ஆள் கையைப் பிடித்தும் குழந்தை அழவில்லை, கண்ணைத் திறந்து பார்க்கக்கூட இல்லை.

இந்த நோயை நானும் புத்தகத்தில்தான் படித்திருந்தேன். அந்தப் படங்களில் இருந்ததெல்லாம் வெள்ளைக் குழந்தைகள். வெள்ளைத் தோலில் நீலம் சட்டென்று தெரியும். எங்கள் தோலில் அது கறுப்பு என்று போய்விடும் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கிழமைக்கு ஒருமுறை வந்து பிள்ளையை நிறுத்து எடை பார்த்த தாதிக்கும் தெரியவில்லை, பெற்றவளுக்கும் தெரியவில்லை.

"பிள்ளைக்கு என்ன குடுக்கிறியள்?" என்று கேட்டேன்.

"பால் காணாது அண்ணை. பால்மாதான். ரெண்டு கிழமையா வயித்தாலயும் போகுது. டொக்டர் பாத்திட்டு, பயப்பிட ஒண்டுமில்லை, தானா மாறும் எண்டவர்."

மார்கரெட் கழிவறையிலிருந்து வந்து வாசலில் நின்றார். என் முகத்தைப் பார்த்தார், பிறகு குழந்தையைப் பார்த்தார்.

"இந்தக் குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டார்.

சிவா ஜன்னல் ஆவியைத் துடைத்துக் காட்டினார். முற்றத்தில் பழைய கிணறு ஒன்று, தகர மூடியோடு. அதற்கு அப்பால் ஒரு வேலி. வேலியோடு ஒட்டி, ஆள் உயரத்துக்குக் கோழியெரு குவிந்திருந்தது.

மார்கரெட் பையிலிருந்து ஒரு சோதனைப் பட்டையை எடுத்தார். வயலில் ஓர் உத்தேசத்துக்காக நாங்கள் வைத்திருப்பது. அதை அவர் ஒருநாளும் மதித்ததில்லை, விளையாட்டுச் சாமான் என்பார். குழாயைத் திறந்தார். ஓடவிடவில்லை. வெப்பம் பார்க்கவில்லை. நேரே நீட்டினார். வெள்ளைப் பட்டை கண் முன்னாலேயே கத்தரிப்பூ நிறமாகி, அதற்கும் மேலே கறுத்தது. அளவு அட்டையில் கடைசிக் கட்டத்தின் நிறம் அது.

நான் 'எண் வரட்டும்' என்று அவர் சொல்வதற்காகக் காத்திருந்தேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு, கார்ச் சாவியை எடுத்தார்.

"அம்புலன்ஸ் இந்த ஒழுங்கையைத் தேடி வருவதற்குள் நாங்கள் போய்விடலாம். தாயை ஏறச் சொல். இப்போதே."

அவ்வளவு காலமும் வேக எல்லையைத் தாண்டாத மனுஷி அன்றைக்கு ஓட்டிய ஓட்டத்தை நான் யாருக்கும் சொல்லி நம்பவைக்க முடியாது. பின்னிருக்கையில் தர்சினி, "என்ன அண்ணை? என்ன நடந்தது? சொல்லுங்கோவன்!" என்று கேட்டபடியே வந்தார். "தண்ணி சரியில்லை போலக் கிடக்கு" என்று மட்டும் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர் குழந்தையின் இரத்தத்தை எடுத்தார். ஊசிக்குள் வந்தது சிவப்பு இல்லை. சொக்லேற் கரைத்த மாதிரி மண்ணிறம். அவர் அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். மார்கரெட் பக்கத்தில் நின்று, நைட்ரேட் என்று ஒரு சொல் மட்டும் சொன்னார். டொக்டர் ஓடினார். நைட்ரேட் சின்னக் குழந்தையின் இரத்தத்தை மாற்றிவிடும். மூச்சு உள்ளே போகும், ஆனால் இரத்தம் அந்தக் காற்றை உடம்புக்கு இறக்கிக் கொடுக்காது. அதற்கு மாற்று மருந்து ஒரு நீலச் சாயம். நீலம் பிடித்த குழந்தைக்குள் இன்னும் நீலத்தை ஏற்றுவதைப் பார்த்த தர்சினி என் கையை நகம் பதியப் பிடித்தார்.

மருந்து இறங்கிக்கொண்டிருக்கும்போது டொக்டர் தாயிடம் கேள்விகள் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். பால்மாவை எப்படிக் கரைக்கிறீர்கள்?

தர்சினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு நல்ல தாய் சொல்ல வேண்டிய ஒழுங்கில் சொன்னார். "கொதித்தாறின தண்ணியிலதான் அண்ணை. பச்சைத் தண்ணி ஒரு சொட்டும் குடுத்ததில்லை. வயித்தால போகத் தொடங்கினாப்பிறகு இன்னும் கூடக் காய்ச்சினன். ஓமத் தண்ணி வத்தக் காய்ச்சுற மாதிரி, அரைவாசியா வத்தவிட்டுத்தான் எடுக்கிறனான். ஆறினதைத் திரும்பவும் கொதிக்கவைப்பன். பிள்ளைக்கு ஏலாமப் போகப் போக, இன்னும் கூடத்தான் காய்ச்சினன்."

காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட் உப்பு மாதிரி, அது சாகாது. தண்ணீர் ஆவியாகப் போகும், அது சட்டியிலேயே நிற்கும். அரைவாசியாக வற்றினால் அது இரண்டு மடங்கு. குழந்தை வாடவாட, அந்தத் தாய் கவனத்தைக் கூட்டியிருக்கிறார். கூட்டக் கூட்டக் குழந்தை வாடியிருக்கிறது. எங்கள் வீடுகளில் யாருக்கு வருத்தம் வந்தாலும் முதலில் அடுப்பில் ஏறுவது தண்ணீர்தானே. என்னுடைய மனைவியாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். எதைச் செய்தால் பிள்ளை பிழைக்கும் என்று எங்களுக்குத் தெரியுமோ அதுவே பிள்ளையைக் கொல்லப் பார்த்தது. அந்த அதிர்ச்சி என்னை விட்டு இன்றுவரை போகவில்லை.

டொக்டருக்கு அப்படியே மொழிபெயர்த்தேன். அவர் முகம் மாறியது, தாயைப் பார்க்காமல் குனிந்து எழுதினார்.

"என்ன சொல்லுறார் அண்ணை?"

"ஒண்டுமில்லை. தண்ணி கூடாத தண்ணியாம்."

குழந்தை அழத் தொடங்கியது. ஒரு மணித்தியாலத்துக்குள் உதட்டில் சிவப்பு ஊறுவதை நான் கண்ணால் கண்டேன். ஆரணியின் நிறம் கறுப்பே இல்லை. நல்ல மாந்தளிர் நிறம். அவளுடைய நாப்கின் மட்டும் அடுத்த நாள் அந்தச் சாயத்தால் நீலமாக நனைந்ததாம். சிவா அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே விம்மி விம்மி அழுதார்.

அதன் பிறகு நாங்கள் முறைப்படி போனோம். அன்று மாலையே திரும்பிப் போய் அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் எடுத்தோம். எருக் குவியல் அகற்றப்பட்டது. எருநீர் உள்ளே கசிந்த, கிணற்றின் உடைந்த குழாய் திருத்தப்பட்டது. அந்த வீட்டுக்குப் போத்தல் தண்ணீர் போனது. மாதங்கள் கழித்து மார்கரெட் அதே கிணற்றில், மழையில் நின்று, வெப்பமானியின் எண் அசையாமல் நிற்கும்வரை பார்த்துத் தண்ணீர் எடுத்தார்.

மேல்முறையீட்டு விசாரணை லண்டனில், ஜன்னலில்லாத ஓர் அறையில் நடந்தது. ரொஜர் வந்திருந்தார், அவருக்காக வாதாட ஒரு விவசாய ஆலோசகரும் வந்திருந்தார். தர்சினியும் வந்தார். வர வேண்டிய தேவை இல்லை, அவர்தான் கேட்டார். கொழுக்கட்டை மாதிரிக் கன்னத்தோடு ஆரணி அவருடைய மடியில் இருந்தாள். தர்சினிக்கு அப்போது ஆங்கிலம் மட்டுமட்டு. ஜெர்மன்தான் ஓடும்.

ஆலோசகர் கெட்டிக்காரர். அந்தக் கிணற்றை வழக்கிலிருந்து தள்ளிவிட்டால் கோடு தளர்ந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

"அந்தத் தண்ணீரால்தான் குழந்தைக்கு நோய் வந்தது என்கிறீர்களா?" என்று மார்கரெட்டைக் கேட்டார்.

"இல்லை. அந்த நீரில் அளவு மீறியிருந்தது என்கிறேன்."

"தாய் அதை அரைவாசியாக வற்றக் காய்ச்சியிருக்கிறார். இதோ உங்கள் அதிகாரி, இவரே அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார். காய்ச்சியதுதான் காரணம் என்று நான் சொன்னால் மறுப்பீர்களா?"

"காரணம் பற்றிச் சாட்சி சொல்ல நான் வரவில்லை."

"அப்படியென்றால் மறுக்கவில்லை."

"எண்ணைப் பற்றி மட்டும் கேளுங்கள்."

எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. மறுத்துச் சொல்லித் தொலையேன் என்று உள்ளுக்குள் கத்தினேன். காய்ச்சுவதற்கான அந்த ஆங்கிலச் சொல் அறையில் திரும்பத் திரும்ப விழுந்தது. குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்த தர்சினியின் கை ஒரு கட்டத்தில் நின்றுவிட்டதைக் கண்டேன்.

மார்கரெட் எண்களை வாசித்தார், வழமை போல இரண்டு தரம். குழந்தையைக் கண்ட அன்றைக்கு எடுத்த தண்ணீரில் எல்லையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். குவியல் போய், குழாய் திருத்தி, மாதங்கள் கழிந்த பிறகு நன்றாக இறங்கியிருந்தது, ஆனால் அப்போதும் ஐம்பதுக்குக் கீழே போகவில்லை.

ரொஜரே எழுந்து கேட்டார், தன் ஆலோசகரைக்கூடக் கேளாமல். "குவியல் இல்லை. அப்படியானால் இது எங்கிருந்து வருகிறது?"

"உங்கள் நிலத்திலிருந்து. சுண்ணக்கல்லுக்குள் தண்ணீர் மிக மெதுவாகத்தான் இறங்கும். இதில் உங்கள் அப்பா போட்ட உரமும் இருக்கலாம்."

"நான் அந்த வீட்டில்தான் வளர்ந்தேன்," என்றார் ரொஜர். "என் தம்பியும். இதே தண்ணீரைக் குடித்து." சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மேல்முறையீடு தோற்றது. கோடு நின்றது. ஆனால் தீர்ப்பில் குழந்தையைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை.

நடைபாதைக்கு வந்ததும் தர்சினி என் முன்னால் வந்து நின்றார். "அண்ணை, நான் காய்ச்சினதைப் பற்றித்தானே கதைச்சவை? நான் காய்ச்சினதாலயோ?"

பக்கத்தில் மார்கரெட் நின்றார். "என்ன கேட்கிறார்?" என்றார். சொன்னேன்.

மார்கரெட் பையைக் கீழே வைத்தார். தர்சினியின் கண்ணை நேரே பார்த்து, விளங்கக்கூடிய மெதுவான ஆங்கிலத்தில் சொன்னார். "காரணம் தண்ணீர். நீங்கள் அல்ல. காய்ச்சாமல் கொடுத்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்."

காய்ச்சாமல் கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது. வழக்கு தோற்றாலும் பரவாயில்லை என்று உள்ளே சொல்ல மறுத்த சொல்லை, வெளியே ஒரு தாய்க்காக, எந்த எண்ணும் கையில் இல்லாமல் சொன்னார். தர்சினி அவருடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மார்கரெட் பையை எடுத்துக்கொண்டு விறுவிறென்று நடந்துவிட்டார். ஓய்வு பெற்றுப் போகும்வரை அதைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் இப்போது உயிரோடு இல்லை.

அந்த வாக்கியத்தை நானும் காப்பாற்றி வந்தேன். இந்தக் கதையை எங்கே சொன்னாலும் காய்ச்சியதை விட்டுவிட்டே சொல்வேன். தர்சினி இப்போது ரெய்னர்ஸ் லேனில் சொந்தமாகக் காய்கறிக் கடை வைத்திருக்கிறார். நல்ல நாள் பெருநாளில் போவேன். ஒருநாளும் அந்தப் பேச்சு வந்ததில்லை. நித்யாவுக்கு எழுதவும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என்றாலும் ஒரு சொல் கேட்காமல் எழுதக்கூடாது என்று கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். ஆரணிதான் எடுத்தாள்.

"ஹாய் மாமா! அம்மா பின்னால நிக்கிறா, ஹோல்ட் ஓன். அம்மா! கிங்ஸ்பரி மாமா!"

தர்சினியிடம் விஷயத்தைச் சொன்னேன். கூட்டத்தில் ஒருவர் கேட்ட கேள்வியையும் சொன்னேன். "பேர் போடமாட்டன். காய்ச்சின கதையையும் போடமாட்டன்," என்று கடைசியில் சேர்த்தேன்.

"ஏன் போடமாட்டியள்?"

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அண்ணை, அந்த வெள்ளைக்கார அம்மா எனக்காகச் சொன்னவ. அது எனக்கு அண்டைக்கே தெரியும். ரூமுக்குள்ள ஒரு மாதிரி, வெளியில ஒரு மாதிரிச் சொன்னா எனக்கு விளங்காதோ? வீட்டை வந்து சட்டியில தண்ணிக்குள்ள உப்பைப் போட்டு அடுப்பில வைச்சனான். வத்த வத்த வாயில விட்டுப் பாத்தன். கரிச்சுது அண்ணை. சரியாக் கரிச்சுது."

அத்தனை வருடம் அந்த உப்பை நாக்கில் வைத்துக்கொண்டு எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்திருக்கிறார்.

"கடைக்குக் கைப்பிள்ளையோட வாற ஒருத்தியையும் நான் சும்மா விடுறதில்லை. எங்க இருக்கிறாய், என்ன தண்ணி எண்டு கேப்பன். கிணத்துத் தண்ணி எண்டா, டெஸ்ட் பண்ணும்வரைக்கும் பிள்ளைக்குக் குடுக்காதை, காய்ச்சினாலும் அது போகாது, இன்னும் கூடும் எண்டு சொல்லுவன். நான் செய்தனான் எண்டும் சொல்லுவன். அப்பதான் நம்புவினம். நீங்கள் அதை விட்டுப்போட்டு எழுதினா, பிறகு என்னத்துக்கு எழுதுறியள்?"

"சரி பிள்ளை," என்றேன். "எல்லாத்தையும் எழுதுறன்."

"எழுதுங்கோ. ஆனா கடுதாசியை மட்டும் அனுப்பாதேங்கோ. அந்த மீட்டிங் எப்ப எண்டு கேட்டுச் சொல்லுங்கோ, கடையைப் பூட்டிப்போட்டு ஆரணியைக் கூட்டிக்கொண்டு வாறன். யார் பாத்தது எண்டு கேட்டவரெல்லே. பாக்கட்டும்."